மேசை விளிம்பில் டேப் துண்டுகள்

செப்டம்பர் 9, 2025

கொமுட்டர் ரயில் இன்றும் தாமதம். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்றவன் என் காலை மிதித்துவிட்டுத் தன் போனைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் போல.

பிரிக்ஃபீல்ட்ஸில், நான் வேலை செய்யும் கிட்டார் ரிப்பேர் கடை வாசலில் ஒரு மகானுபாவன் எனக்காகக் காத்திருந்தான். பூச்சோங்கில் வீடு, ஏதோ வங்கியில் வேலை. "அக்கா, யூடியூப் பாத்து நானே ஃபிரெட்ட பாலிஷ் பண்ணேன். இப்ப சவுண்டு ஒரு மாதிரி வருது லா" என்றான். பையைத் திறந்தால் கிட்டார் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் மூன்று பிக்கப்பிலும் கறுப்பாகத் தாடி முளைத்திருக்கிறது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் பட்டைகளை, ஸ்டீல் வூல் என்கிற இரும்புப் பஞ்சால், எதையும் மூடாமல், சட்டி தேய்ப்பதுபோலத் தேய்த்திருக்கிறான்.

"தம்பி, பிக்கப் எதால சவுண்ட எடுக்குது?"

முழித்தான்.

"காந்தம். காந்தத்துக்குப் பக்கத்துல இரும்பத் தேச்சா தூளு எங்க போவும்? உன் ஆபீஸுக்கா போவும்?"

அந்தத் தூள் உள்ளே இறங்கி, காந்தத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் சிக்கிக்கொண்டால் தொல்லைதான். சுருள் கம்பி முடியைவிட மெல்லியது. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. மேடையில் சத்தத்தைக் கூட்டினால் கத்தும், பிறகு செத்துப்போகும். இதையெல்லாம் அவனுக்கு விலாவாரியாகச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அழுதிருப்பான். முதலாளி ராதாகிருஷ்ணன் நடுவில் புகுந்து அவனுக்குத் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்.

"குமுதா, கஸ்டமர்கிட்ட கொஞ்சம் நல்லா பேசும்மா."

நல்லாத்தான் பேசினேன். அடுத்தவர் முட்டாள்தனம் எனக்குப் பிடிக்கும். எனக்குச் சோறு போடுவது அதுதான். இந்தக் கடையில் மட்டும்தான் நான் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 11

ஷாமினி அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டிருக்கிறாள். கன்னம் மழமழவென்று இருக்கிறது. நான் செய்தால் கீறிவிடுவேன் என்று அப்பா என்னிடம் முகத்தைக் கொடுப்பதே இல்லை. தங்கச்சி கை பூ, அக்கா கை உப்புத்தாள். இருக்கட்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டில் ஏற்பாடு இதுதான்: பகலில் அவள், கடை முடிந்து வந்தபின் நான். அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள், சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் வாசிக்கிறாள். நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஓடுகிறேன். இரண்டு பேரில் ஒருத்தி விலகினாலும் மற்றவள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்று ஒரு வாடிக்கையாளரின் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று பிசியோதெரபிக்காரப் பெண் சொன்னதிலிருந்து இதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. மாஸ்கிங் டேப் சுருளைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் துண்டு துண்டாகக் கிழித்து, மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிவைப்பார். நான் ஒவ்வொன்றாக எடுத்து பிக்கப்பை முழுக்க மூடி, ஓரத்தை நகத்தால் அழுத்துவேன். ஃபிரெட்டுகளுக்கு இடையில் உள்ள மரத்துக்கும் அப்படியே. அதற்கப்புறம்தான் ஸ்டீல் வூல் வெளியே வரும். மூடாமல் தொட்டால் மேசையைத் தட்டி "ம்ம்! ம்ம்!" என்பார். காலமெல்லாம் லோரி ஓட்டியவர். பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை எடுப்பவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் செய்கிற ஒரே காரியம் இதுதான்.

செப்டம்பர் 14

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் ஒரு மியூசிக் பேண்ட். ஜீவன் என்பவர் நடத்துகிறார். தமிழ், இந்தி, இங்கிலீஷ் எல்லாப் பாட்டும் உண்டு. ஒரு வருஷக் காண்டிராக்ட். அக்டோபர் நாலாம் தேதி ஷா ஆலாமில் ஆடிஷன்.

"லீட் கிட்டாருக்குக்கா. பொண்ணுங்கள யாரு லீடுக்குக் கூப்புடுறா? என் வீடியோவப் பாத்துட்டு அவரே கூப்ட்டாரு."

நான் மீன் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை யார் பார்ப்பது என்று கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்தது.

"நீ கொஞ்ச நாளு கடைய விட்டுடேன்க்கா. ராதாகிருஷ்ணன் அங்கிள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வீட்லயே ரிப்பேர் பண்ணலாம்ல? ஒரு வருஷந்தானே."

குப்பையை வாசலில் வைத்துவிடு என்று சொல்கிற அதே குரல். அப்பா என்ன செய்தார் தெரியுமா? இடது கையை நீட்டி அவள் தலையைத் தடவினார். சிரிக்கிறார்! அவளுக்காகக் கண் கலங்குகிறது! என் பக்கம் ஒரு பார்வை? அதுகூட இல்லை. நான்தான் இருக்கிறேனே, ஓடியா போகப்போகிறேன்?

செப்டம்பர் 15

ஒரு வருஷந்தானே. ஒரு வருஷந்தானே. கொமுட்டரில் போகும்போதும் வரும்போதும் இதுவே காதில்.

செப்டம்பர் 19

நியாயமாக நடந்து பார்ப்போம் என்று தோன்றியது. சுங்கை பூலோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் இருக்கிறது. கடைக்கு வரும் ஒருவர் தன் மாமியாரை அங்கே விட்டிருக்கிறார். சுத்தமாக இருக்குமாம், நம் சாப்பாடாம். நீ திரும்பி வரும்வரை அங்கே விடலாம் என்று ஷாமினியிடம் சொன்னேன்.

கையில் இருந்த தட்டை அப்படியே வைத்தாள்.

"அப்பாவ ஹோம்ல போடுறதா? எப்டிக்கா உனக்கு மனசு வருது?"

எனக்கு மனசு வருகிறதாம்! போகிறவள் அவள். போகும்போது பையில் துணியை எடுத்துக்கொள்கிறாள், மனசாட்சியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள், நான் தினமும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது ஆகிறது. ஒருத்தன் பெண் கேட்டு வந்தபோது அம்மா படுக்கையில். அம்மா போனதும் அப்பா. கடை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் 'விட்டுடேன்க்கா'.

அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் தங்கை என்பதால் இதை மாற்றி எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 24

"அக்கா, ஃபிரெட்ட ஒருவாட்டி பாலிஷ் போட்டுக் குடேன். ஆடிஷனுக்குப் பளபளன்னு இருக்கணும். உன் கை பட்டா தனியா தெரியும்."

தெரியும்தான்.

அவள் கிட்டார் பழையது. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிக்கப்பின் மூடி விரிசல் விட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் உள்ளே சுருள் தெரியும். மாற்றித் தருகிறேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அந்தச் சத்தம் போய்விடும், வேண்டாம் என்பாள். சரி, ஞாயிற்றுக்கிழமை செய்து தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 28

செய்தேன்.

ஷாமினி ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க ஜெஞ்சாரோம் போயிருந்தாள், இரவல் கிட்டாரோடு. வீட்டில் நானும் அப்பாவும். கம்பிகளைத் தளர்த்தி ஓரமாக விட்டேன். அப்பா வழக்கம்போலக் கையை நீட்டினார், டேப் சுருளைக் கொடுத்தேன். வேலையை ஆரம்பித்துவிட்டார். கிழித்தார், ஒட்டினார், கிழித்தார், ஒட்டினார். மேசை விளிம்பு நிறைந்துவிட்டது.

நான் அதிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

ஸ்டீல் வூலைப் பிரித்து நேரே ஃபிரெட்டில் வைத்துத் தேய்த்தேன். மெதுவாகத் தேய்த்தால் தூள் குறைவு, அழுத்தித் தேய்த்தால் அதிகம். அழுத்தித் தேய்த்தேன். கடைசி ஃபிரெட்டுகள் பிக்கப்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன். போதாதென்று அந்தப் பஞ்சை விரிசலுக்கு மேலேயே வைத்துக் கசக்கினேன். தூள் எழுந்து நின்றது. பிறகு உள்ளே போனது. காந்தத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்பா மேசையைத் தட்டினார். "ம்ம்!"

"வேணாம்பா. இன்னைக்கு டேப் வேணாம்."

"ம்ம்! ம்ம்!" ஒரு துண்டைப் பிய்த்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கையை மடியில் இறக்கிக்கொண்டார். தட்டவில்லை.

வெளியே தெரிகிற தூளைத் துடைத்து, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தேன். ஃபிரெட் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னியது. மேசை விளிம்பில் இருந்த துண்டுகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

ஷாமினி வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். வியர்வை நாற்றம்.

செப்டம்பர் 29

வெட்கமாக இருக்க வேண்டுமே என்று நாள் முழுக்கத் தேடிப் பார்த்தேன். இல்லை.

அக்டோபர் 1

சரஸ்வதி பூஜை. சாமி மேடைக்கு முன்னால் அவள் கிட்டார், என் ஸ்குரூ டிரைவர், ரம்பம், அப்பாவின் பழைய லோரி லைசென்ஸ் எல்லாம் வரிசையாக. சந்தனம், குங்குமம் வைப்பது எப்போதும் அப்பாதான். ஷாமினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினாள்.

கிட்டாருக்கு நெற்றி எது? அப்பாவைப் பொறுத்தவரை பிக்கப்தான். ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் கையைக் கொண்டுபோவார், ஒவ்வொரு வருஷமும் நான் "அங்க வேணாம்பா, மேல கட்டையில வைங்க" என்று கையைத் திருப்பிவிடுவேன். இந்த வருஷம் திருப்பவில்லை. சந்தனத்தை இரண்டு விரலால் தாராளமாக எடுத்து, விரிசல் விட்ட மூடியின் மேலேயே அப்பினார். தண்ணீராகக் கரைத்திருந்தாள் ஷாமினி. விரிசலுக்குள் இறங்குவதைப் பார்த்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. அது பாட்டுக்குக் காய்ந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். ஏன் இன்று தடுக்கவில்லை என்று கேட்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனையே வந்தது. சத்தியமாக அதற்கு முன்னால் வரவில்லை.

அக்டோபர் 3

இரண்டு நாளாக விடாமல் வாசிக்கிறாள். ஹெட்போனில்தான், அப்பா தூங்குகிறார் என்று. ஹெட்போனில் கத்தாது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். காலையில் விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றாள். உடை.

அக்டோபர் 4

மாலை நாலு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நேராக உள்ளே வந்து கிட்டார் பையைத் தரையில் போட்டாள்.

முதல் பாட்டுக்குப் பரவாயில்லையாம். இரண்டாவதில் சோலோவுக்காகச் சத்தத்தைக் கூட்டியதும் கிட்டார் அலற ஆரம்பித்திருக்கிறது. கையால் பொத்தியும் நிற்கவில்லை. டிரம்மர் காதைப் பொத்திக்கொண்டானாம். பிறகு கரகரவென்று வந்து ஒரேயடியாகச் சத்தம் போய்விட்டது. வேறு கிட்டாரைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இவள் பதறிப்போய், தெரிந்த பாட்டைக்கூடத் தப்புத் தப்பாக வாசித்திருக்கிறாள்.

"அந்த ஜீவன் என்ன சொன்னாரு தெரியுமா? 'கப்பல்ல நடுக்கடல்ல இருப்போம்மா. சொந்த கிட்டாரயே பாத்துக்கத் தெரியாதவங்கள நான் எப்டி கூட்டிட்டுப் போவேன்?' எல்லாரும் இருந்தாங்கக்கா. எல்லாரும்."

அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"என்னாச்சுன்னு பாருக்கா. இப்பவே பாரு."

"காலைல பாக்குறேன். நீ போய் முகம் கழுவு."

அக்டோபர் 5

அவள் எழுவதற்கு முன்னால் பிக்கப்பைக் கழற்றினேன். மூடிக்குள் கறுப்பு ரோமம், கம்பளிப்பூச்சி மாதிரி. சுருளைத் தூள் அறுத்திருந்தது. பிரஷ்ஷாலும் டேப்பாலும் கண்ணுக்குத் தெரிந்த தூளை ஒன்றுவிடாமல் எடுத்தேன். நல்ல சுத்தமான வேலை. சந்தனத்தை மட்டும் தொடவில்லை. மஞ்சளாகப் பொருக்குத் தட்டிப்போய் விரிசலுக்குள் அப்படியே இருந்தது.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டிக் காட்டினேன்.

"சந்தனம். ஈரத்தோட உள்ள எறங்கி கம்பிய அரிச்சிருச்சு."

அப்பா நாற்காலியில் இருந்தார், எங்களுக்கு எதிரே. ஷாமினி திரும்பி அவரைப் பார்த்தாள். இப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் கண்டதில்லை.

"மூணு வருஷம்பா. மூணு வருஷம் உங்க மூத்திரத்தத் தொடச்சேன். எனக்குன்னு ஒரே ஒரு நாளு கேட்டேன். அதுலயும் கைய வச்சிட்டீங்களே! ஸ்ட்ரோக் வந்த அன்னிக்கே ஒரேயடியா போய்ச் சேந்திருக்கலாம்ல நீங்க? எங்க ரெண்டு பேரயாச்சும் வாழ விட்டிருக்கலாம்ல?"

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் மனதுக்குள் பலமுறை சொன்ன வார்த்தைதான். அவள் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டும். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். சரி, வரப்போகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமா," என்றார். "நா...ந்தான்."

அக்டோபர் 8

ஷாமினி அப்பாவோடு பேசுவதில்லை. வேலையெல்லாம் செய்கிறாள். குளிப்பாட்டுகிறாள், சோறு ஊட்டுகிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. ஸ்பூன் பல்லில் இடிக்கும் சத்தம் அடுக்களைவரை கேட்கிறது. சவரம் கிடையாது. அப்பா முகத்தில் வெள்ளையாக முளைத்துவிட்டது.

கிட்டார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பாடம் படிக்க வந்த பிள்ளைகளை அனுப்பிவிட்டாள். வேறு பிக்கப் போட்டுத் தருகிறேன் என்றேன், வேண்டாமாம்.

நான் கடைக்குப் போகிறேன். எல்லாம் முன்போலவே இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்?

அக்டோபர் 12

நானே அப்பாவுக்குச் சவரம் செய்தேன். இரண்டு இடத்தில் கீறிவிட்டது. ஒரு சத்தம் போடவில்லை மனுஷன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பு 'ஸ்ஸ்' என்பார், கையைத் தட்டிவிடுவார். அதையாவது செய்யக் கூடாதா?

அக்டோபர் 20

தீபாவளி. பலகாரமெல்லாம் கடையில் வாங்கியது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டி வந்து "என்ன புள்ளைங்களா, வீடு சாவு வீடு மாரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு முறுக்கை மென்றுகொண்டு போய்விட்டார்.

ஷாமினி அப்பாவுக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அப்பாவும் ஹாலில். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு எல்லாத்தையும் பாத்தீங்கதானே?"

தலையை ஆட்டினார்.

"அப்புறம் ஏன் நாந்தான்னு சொன்னீங்க?"

ரொம்ப நேரம் எடுத்தது. எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு அசட்டு ஆசை இருந்ததை மறைக்கப்போவதில்லை. பெத்த பாசம், உனக்காக, மூத்தவளே, என்று ஏதாவது வரும் என்று.

"சொன்னா... அவ... உன்ன... வெரட்டுவா. நீ... போயிருவ. அவளும்... போயிருவா." மூச்சு வாங்கினார். "அப்புறம்... என்ன... ஹோம்ல..."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என்னைக் காப்பாற்றவில்லை, தன் படுக்கையைக் காப்பாற்றிக்கொண்டார். அவளுடைய வாழ்க்கை நாசமானது தெரிந்தும் உட்கார்ந்து அதிரசம் சாப்பிடுகிறார். நாங்கள் மூன்று பேருமே ஒரே ரத்தம்தான் என்று புரிந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவரும் சிரித்தார், கோணல் வாயால், எதற்கென்று தெரியாமல்.

நவம்பர் 11

யார் கடைக்கு வந்தது? சாட்சாத் அந்த ஜீவன். இரண்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அக்கா இருக்கிறார், கை சுத்தம் என்று யாரோ சொன்னார்களாம். நான் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் கண் முன்னாலேயே வேலை செய்தேன். டேப் ஒட்டி, ஓரம் அழுத்தி, துணி போர்த்தி, தேய்த்து, தூளை வாக்குவம் கிளீனரால் இழுத்து, டேப்பை உள்பக்கமாக மடித்துப் பிரித்தேன். ஒரு புள்ளி தூள் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த மாரி ஆளுதான் எனக்குக் கப்பல்ல வேணும். எங்க டெக்னீஷியன் ஓடிட்டான். வரீங்களாக்கா? டிசம்பர்ல ஏறணும்."

பேச்சோடு பேச்சாக, லீட் கிட்டாருக்கு இன்னும் நல்ல ஆள் அமையவில்லை என்றார். "கிள்ளான்லேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ஷாமினின்னு பேரு. நல்ல கை. அன்னைக்கு கிட்டார் மக்கர் பண்ணிருச்சு. நானும் கொஞ்சம் ஓவரா பேசிட்டேன். மறுபடியும் கூப்ட்டுப் பாக்கலாமான்னு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா அந்தப் பொண்ண?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

"அந்தப் பொண்ணு இப்பல்லாம் வாசிக்கிறதில்ல பாஸ். கிட்டாரயே வுட்டுருச்சு."

பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நவம்பர் 16

சாப்பாட்டு மேசையில் சொன்னேன், அவள் சொன்ன அதே மேசையில். கப்பலில் வேலை. ஒரு வருஷக் காண்டிராக்ட். யாருடைய பேண்ட் என்பதையும் சொன்னேன். எப்படியும் தெரியத்தான் போகிறது.

ஷாமினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "அவுரு என்னப் பத்தி ஏதும் கேட்டாராக்கா?"

"இல்ல."

"அப்பாவ யாரு பாக்குறது?"

"நீதான் இருக்கியே. ஒரு வருஷந்தானே."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள்.

டிசம்பர் 2

நாளை கிளம்புகிறேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியை ஒரு கையால் உருட்டிக்கொண்டு தானே என் அறை வாசலுக்கு வந்தார். மூன்று வருஷத்தில் முதல் முறை. அவரால் இவ்வளவு முடியும் என்று தெரியாமல் போயிற்றே!

"போனா... சொல்லிருவேன்," என்றார்.

போனால் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறார். பெத்த அப்பா.

"சொல்லுங்கப்பா. தாராளமா சொல்லுங்க. யாரு நம்புவா? சந்தனம் வச்சது உங்க கை. நாந்தான்னு சொன்னது உங்க வாயி."

வாய் கோணிக்கொண்டு அழுதார். நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்ததும் நாற்காலியைத் திருப்பி, ஹாலில் டிவிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன். பிரேக் போட்டேன்.

ஜனவரி 6, 2026

கடலைப் பார்க்க நேரமே இல்லை. பன்னிரண்டு கிட்டார், உப்புக் காற்று, எல்லாவற்றிலும் துரு. லீடுக்கு ரிஷி என்று ஒரு பையன், ஈப்போக்காரன். சுமாராக வாசிக்கிறான். அவன் சோலோ வரும்போதெல்லாம் நான் கீழே போய்விடுகிறேன்.

ஜனவரி 23

ஷாமினியின் வாட்சாப் வருவது நின்று சில நாளாகிறது. அப்பாவின் மாத்திரை எங்கே, எந்தக் கடையில் டயப்பர் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள். நானும் கேட்கவில்லை. நிம்மதியாக இருக்கிறது என்று எழுதினேன், அடித்தேன். நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 21

கப்பல் காலையில் போர்ட் கிள்ளானுக்கு வந்தது. மாலைவரை இங்கேதான். ஊழியர்களுக்கு நாலு மணி நேரம் வெளியே போக அனுமதி உண்டு. வீடு இங்கிருந்து கிரேப் டாக்சியில் அரை மணி நேரம்கூட இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் கப்பல் எந்தத் தேதியில் எங்கே நிற்கும் என்பது போனில் தட்டினால் வந்துவிடுகிறதே.

பத்து மணிக்கு அவளிடமிருந்து செய்தி. நீளமாக. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, வெளிய துறைமுக கேட் கிட்ட இருக்கோம். நானும் அப்பாவும். அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா சொன்னாரு. மொதல்ல நம்பல. அப்புறம் பழைய பிக்கப்ப வேற கடைல கொண்டு போய்க் காட்டுனேன், சுருளுக்குள்ள இன்னும் தூளு இருக்குன்னாங்க. ரெண்டு வாரம் உன்ன சபிச்சேன். நாசமா போவணும்னு சாமிகிட்ட கேட்டேன். இப்ப முடியலக்கா. உன்ன கடைய விடச் சொன்னப்ப உனக்கு எப்டி இருந்திருக்கும்னு யோசிக்கவே இல்ல நானு. பரவால்ல. கீழ வா. மூணு பேரும் சாப்டலாம்."

நான்காவது தளத்தின் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தடியில், அப்பாவின் நாற்காலி. ஷாமினி அவருக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தாடையில் வழிந்ததை விரலால் வழித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். முகம் மழமழவென்று இருந்தது, அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

பரவால்லையாம். யாரைக் கேட்டுப் பரவால்லை? என்னத் திட்டுடி. செருப்ப எடுத்து அடி. ஊரக் கூட்டி நாறடி. அதுக்குத்தானே அத்தன நாளா காத்திருந்தேன், ராத்திரி ராத்திரி அதுக்குப் பதிலெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேனே! ஒண்ணுத்துக்கும் வழியில்லாம பண்ணிட்டாளே பாவி. கீழே போனால் நான் என்ன செய்ய வேண்டும்? அழ வேண்டும். அந்த நாற்காலிக்கு முன்னால் மண்டியிட வேண்டும். அவள் என் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

"டியூட்டி. வர முடியாது" என்று அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. ஆனால் அவர்கள் போகவில்லை. வெயில் மரத்தைத் தாண்டி வந்ததும் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினாள். பிறகு மறுபடியும் நகர்த்தினாள். நான் உள்ளே போய் வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தேன், இருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், இருந்தார்கள்.

நாலரைக்குக் கப்பல் ஊதியது. அப்பா இடது கையைத் தூக்கினார். ஷாமினியும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். நான் எந்த மாடியில், எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை கப்பல் முழுவதற்கும் ஆட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, யாரென்றே தெரியாமல், பதிலுக்குக் கை ஆட்டினாள்.

நான் ஆட்டவில்லை. ஐந்து மணிக்கு சவுண்ட் செக் இருந்தது, கீழே இறங்கிவிட்டேன்.